கண்ணி கூடினால் வடிவம் மாறும்

(மீஞ்சூரில் ஆசிரியர்களும் பெற்றோரும் கூடிய அவையில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

தொடக்கப் பள்ளி, நடுநிலைப் பள்ளி ஆசிரியர்கள் நிறையப் பேர் வந்திருக்கிறீர்கள். பழவேற்காடு, கோட்டைக்குப்பம், லைட்ஹவுஸ் குப்பம் பக்கத்துப் பெற்றோரும் இருக்கிறீர்கள். எனவே சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வடிவியலில் நம் பிள்ளைகள் தடுமாறுகிற ஓர் இடம் இருக்கிறது. அந்த இடத்தில் ஒரு குரோஷா ஊசியும் ஒரு உருண்டை நூலும் செய்கிற வேலையைக் கரும்பலகையால் செய்ய முடியாது என்பது என் வாதம். வலை புழங்குகிற ஊர்களில் இதைத் தொடங்குவது மற்ற ஊர்களைவிட எளிது என்பது அதன் இரண்டாவது பகுதி. நூல் வேலை தெரிந்தாலே கணக்கு வந்துவிடும் என்று நான் சொல்லப்போவதில்லை. அப்படி வராது என்பதற்கு வலுவான சான்று இருக்கிறது. அதை மறைத்துவிட்டு இந்த யோசனைக்கு ஆதரவு கேட்பது நேர்மையாகாது.

தடுமாறுகிற இடம் எது? சின்ன வகுப்பில் வடிவியல் என்றால் படம். வட்டத்துக்குக் கீழே 'வட்டம்', சதுரத்துக்குக் கீழே 'சதுரம்' என்று எழுதி வண்ணம் தீட்டினால் பாடம் முடிந்தது. எட்டாம் வகுப்புக்கு வந்தால் அதே வடிவியல் தேற்றமாகி நிற்கிறது. படத்துக்கும் தேற்றத்துக்கும் நடுவில் பிள்ளை என்ன கற்றது என்று கேட்டால் பதில் இல்லை. பழவேற்காட்டில் 1613-இல் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டி, பிறகு கல்லறைகளை மட்டும் நமக்கு விட்டுப்போன டச்சுக்காரர்களின் நாட்டில், பியர் வான் ஹீல, டீனா வான் ஹீல என்ற ஆசிரியத் தம்பதி 1957-இல் இந்த நடுப்பகுதியைப் பற்றித்தான் தங்கள் முனைவர் பட்ட ஆய்வுகளை எழுதினார்கள். முதல் நிலையில் பிள்ளை வடிவத்தை அதன் தோற்றத்தால் அறிகிறது. அடுத்த நிலையில் அதன் பண்புகளால் அறிகிறது. அதற்கும் அடுத்த நிலையில்தான் ஒரு பண்பு இன்னொன்றுக்கு எப்படிக் காரணமாகிறது என்பது பிடிபடுகிறது. வயது ஏறினால் நிலையும் தானாக ஏறிவிடும் என்பதை அவர்கள் ஏற்கவில்லை. கற்பிக்கிற முறைதான் ஏற்றிவிட வேண்டும் என்றார்கள். இதைச் சோதித்துப் பார்ப்பது எளிது. ஒரு சதுர அட்டையை முனை கீழே வருமாறு திருப்பிப் பிடித்துக் காட்டுங்கள். பல பிள்ளைகள் அது இப்போது சதுரம் இல்லை, டைமண்ட் என்பார்கள். அவர்களுக்குச் சதுரம் என்பது ஒரு தோரணை. நான்கு பக்கமும் சமம், நான்கு கோணமும் செங்கோணம் என்ற விதியாக அது இன்னும் மனதில் ஏறவில்லை. தோற்றத்திலிருந்து விதிக்கு நகர்கிற இந்த ஓர் அடிதான் நான் சொன்ன இடம்.

இனி குரோஷாவுக்கு வருவோம். ஊசியில் நூலைக் கொக்கி போட்டு இழுத்தால் ஒரு கண்ணி. கண்ணிகளைத் தொடராகப் போட்டால் அது செயின். செயினை வளையமாக்கி அதில் ஆறு சிங்கிள் குரோஷா கண்ணி போடுவதாக வைத்துக்கொள்வோம். இரண்டாம் சுற்றில் ஒவ்வொரு கண்ணிக்குள்ளும் இரண்டிரண்டு போட்டால் 12. மூன்றாம் சுற்றில் ஒன்று விட்டு ஒன்றில் இரண்டு போட்டால் 18. பிறகு 24, 30, 36 என்று சுற்றுக்கு ஆறாகக் கூட்டிக்கொண்டே போனால், கையில் தட்டையான ஒரு வட்டத் துண்டு வளரும். குரோஷா போடும் பெண்கள் எல்லோருக்கும் இந்த ஆறு தெரியும். ஏன் ஆறு என்று கேட்டால்தான் வடிவியல் தொடங்குகிறது. ஒவ்வொரு சுற்றும் ஆரத்தை ஒரு கண்ணியின் உயரம் அளவுக்கு நீட்டுகிறது. ஆரம் ஒன்று கூடினால் சுற்றளவு இரண்டு பை, அதாவது ஏறத்தாழ 6.28 கூட வேண்டும். சிங்கிள் கண்ணியின் உயரமும் அகலமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆகவே ஆறு கண்ணி. மிச்சத்தை நூலின் நெகிழ்ச்சி ஈடுகட்டிவிடுகிறது. டபுள் குரோஷா போட்டால் கண்ணி ஏறக்குறைய இரண்டு மடங்கு உயரம். எனவே அதற்குச் சுற்றுக்குப் பன்னிரண்டு கூட்டுகிறார்கள். வட்டத்துக்குப் பதில் சதுரம் வேண்டுமென்றால் சிங்கிளில் மூலைக்கு இரண்டு வீதம் சுற்றுக்கு எட்டு கூட வேண்டும். நடுவிலிருந்து பக்கத்துக்கு உள்ள தொலைவு ஒன்று கூடினால் சதுரத்தின் சுற்றளவு எட்டு கூடும் என்பதுதான் அதற்கும் காரணம். இன்னொரு நுட்பமும் உண்டு. கூட்டுகிற ஆறு இடங்களும் சுற்றுக்குச் சுற்று ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தால் துண்டு அறுகோணமாக வரும். இடத்தை மாற்றி மாற்றிப் போட்டால்தான் வட்டமாகும். எண்ணிக்கை அதேதான், எங்கே கூட்டினோம் என்பது மட்டும் வேறு. பை என்பதை 22-இன் கீழ் 7 என்று மனப்பாடம் செய்த பிள்ளைக்கு, அதே பை தன் துண்டு தட்டையாகக் கிடக்குமா கிண்ணமாகக் குவியுமா என்பதைத் தீர்மானிக்கிறது என்று தெரிவது புதுச் செய்தி.

கூட்டுவதைப் பாதியில் நிறுத்திப் பாருங்கள். 6, 12, 18, 24 வரை கூட்டிவிட்டு அதன் பிறகு 24, 24, 24 என்றே போனால், ஓரம் மேலே எழும்பித் தொப்பியாகும். அதற்கு மேல் குறைத்துக்கொண்டே போனால் பந்தாக மூடிக்கொள்ளும். எதிர்த் திசையில் போய், ஒவ்வொரு கண்ணியிலும் எல்லாச் சுற்றிலும் இரண்டிரண்டு போட்டால் என்ன ஆகும்? 6, 12, 24, 48, 96, 192. ஏழாவது சுற்றில் 384. தட்டையான துண்டுக்கு ஏழாவது சுற்றில் 42 கண்ணிதான். 42 நிற்கவேண்டிய இடத்தில் 384 நிற்க வேண்டுமென்றால் துணி எங்கே போகும்? மடிந்து, சுருண்டு, கோழிக்கொண்டைப் பூ மாதிரி ஆகிவிடும். லாத்வியாவில் பிறந்து அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கணிதம் கற்பித்த டைனா டைமினா 1997-இல் செய்தது இதைத்தான். யூக்ளிடின் இணைகோட்டு விதி பொருந்தாத ஒரு பரப்பை லோபசெவ்ஸ்கி 1829-இலும் போயாய் 1832-இலும் அச்சில் விவரித்திருந்தார்கள். கணித மாணவர்கள் அதை ஏட்டில் படித்தார்களே தவிர, கையில் வைத்துப் பார்க்க வழியில்லை. வில்லியம் தர்ஸ்டன் சொன்னபடி காகிதப் பட்டைகளை ஒட்டிச் செய்த மாதிரி இருந்தது. அது தொட்டால் கிழிந்தது. டைமினா அதைக் குரோஷாவில் போட்டார். மடித்தால் வரும் மடிப்புதான் நேர்கோடு. ஒரு மடிப்புக்கோட்டுக்கு வெளியே ஒரு புள்ளியைக் குறித்து, அந்தக் கோட்டைத் தொடாமல் அப்புள்ளி வழியாக எத்தனை மடிப்பு போட முடிகிறது என்று பார்த்தால், ஒன்றுக்கு மேல் முடிகிறது. அதில் ஒரு முக்கோணம் தைத்தால் கோணங்களின் கூடுதல் 180 பாகைக்குக் குறைகிறது. அதே முக்கோணத்தை ரப்பர் பந்தின்மேல் வரைந்தால் 180-ஐத் தாண்டுகிறது. மூன்று கோணமும் செங்கோணமாக இருக்கும்படி கூட வரைந்துவிடலாம். பவளப் பாறையும் சில கடற்பாசிகளும் இதே விதமான ஓரத்தோடு வளர்வதைக் கண்ட மார்கரெட் வெர்தைம், கிறிஸ்டைன் வெர்தைம் என்ற இரட்டைச் சகோதரிகள் 2005-இல் லாஸ் ஏஞ்சலிஸில் குரோஷாவால் பவளத்திட்டு செய்யும் பணியைத் தொடங்கினார்கள். பிறகு பல நாடுகளில் பல்லாயிரம் பெண்கள் அதில் சேர்ந்துகொண்டார்கள்.

ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு யூக்ளிடுக்கு அப்பாற்பட்ட வடிவியல் எதற்கு என்று சில ஆசிரியர்கள் முகம் சுளிப்பது தெரிகிறது. அது பாடமாக வேண்டியதில்லை. மூன்று துண்டுகளை மேசைமேல் வைத்தால் போதும்: கிண்ணம், தட்டு, கொண்டைப்பூ. மூன்றுக்கும் ஒரே நூல், ஒரே ஊசி, ஒரே கண்ணி. மாறியது கூட்டல் விதி மட்டும். வடிவத்துக்குப் பின்னால் ஒரு விதி இருக்கிறது, விதியை மாற்றினால் வடிவம் மாறும் என்பதை அந்தப் பிள்ளை யாரும் சொல்லாமலே காண்கிறது. தாளில் காம்பஸால் வட்டம் போடும்போது விதி காம்பஸுக்குள் ஒளிந்துகொள்கிறது. பிள்ளை பிழை செய்தாலும் வட்டம் வந்துவிடும். நூலில் அப்படி நடக்காது. ஒரு சுற்றில் நான்கு கண்ணி விட்டுப்போனால் ஓரம் குவிந்து நின்று, யாரும் திருத்தாமலே பிழையைக் காட்டிக்கொடுக்கும். பிரித்து எண்ணினால் எந்தச் சுற்றில் தப்பியது என்பதும் தெரியும். கணக்கு நோட்டில் சிவப்பு மையால் விழும் பெருக்கல் குறிக்கு இந்தக் குணம் கிடையாது.

இப்போது வலைக்கு வருவோம். பழவேற்காடு ஏரிக்கரையில் பிறந்த பிள்ளை குரோஷா ஊசியைப் பார்த்திருக்காமல் போகலாம். வலைக்கண்ணியைப் பார்க்காமல் வளர்ந்திருக்க முடியாது. செவுள்வலையில் ஒரு கண்ணியை எடுத்துக்கொள்ளுங்கள். முடிச்சுக்கு முடிச்சு 5 சென்டிமீட்டர் என்றால் நான்கு பக்கமும் 5 சென்டிமீட்டர். நீளவாக்கில் முழுக்க இழுத்தால் ஒரு கண்ணி 10 சென்டிமீட்டர். 100 கண்ணி இழுத்தால் 10 மீட்டர். ஆனால் எந்த மீனவரும் அந்த 10 மீட்டரை 10 மீட்டர் கயிற்றில் கட்டமாட்டார். கட்டினால் கண்ணிகள் எல்லாம் ஒட்டிக்கொண்டு வலை வெறும் கயிறாகிவிடும். குறைத்துத்தான் கட்டுவார். 6 மீட்டர் கயிற்றில் கட்டினால் ஒவ்வொரு கண்ணியின் அகலமும் 6 சென்டிமீட்டர். உயரம் என்ன? பாதி அகலம் 3, பக்கம் 5, எனவே பாதி உயரம் 4. மூன்று, நான்கு, ஐந்து. பித்தாகரஸ் தேற்றத்தின் பழைய முக்கோணம் வலைக்குள் உட்கார்ந்திருக்கிறது. முழு உயரம் 8, பரப்பு 24 சதுர சென்டிமீட்டர். கயிற்றை 8 மீட்டராக்கினால் கண்ணி படுத்துக்கொள்கிறது. அகலம் 8, உயரம் 6. பரப்பு மறுபடியும் 24. நடுவில், 7 மீட்டருக்குச் சற்று மேலே, நான்கு கோணமும் செங்கோணமாகிற ஒரு நிலை வருகிறது. அங்கே பரப்பு 25. அதுதான் உச்சம். 9.6 மீட்டருக்கு இழுத்தால் 13.44-ஆக விழுகிறது. பத்துக்கு இழுத்தால் பூஜ்யம்.

இந்த ஒரு கண்ணியில் எத்தனை பாடம் இருக்கிறது என்று பாருங்கள். சுற்றளவு மாறவே இல்லை. எப்போதும் 20 சென்டிமீட்டர்தான். பரப்பு மட்டும் பூஜ்யத்திலிருந்து 25 வரை போய் வருகிறது. சுற்றளவு சமமானால் பரப்பும் சமம் என்று நினைப்பது பிள்ளைகளிடம் மிகப் பரவலாகக் காணும் பிழை. பெரியவர்களும் மனை வாங்கும்போது இதில் ஏமாறுகிறார்கள். அடுத்தது, சதுரமும் சாய்சதுரமும் வெவ்வேறு சாதி என்ற எண்ணம் இங்கே தானாகக் கரைந்துபோகிறது. கண்ணியை மெல்ல இழுத்துக்கொண்டே போகும் பிள்ளை, சாய்சதுரம் ஒரு கணம் சதுரமாகி, மறுபடியும் சாய்வதைக் காண்கிறது. சதுரம் என்பது சாய்சதுரத்தின் ஒரு நிலை என்று புரியவைக்க வேறு விளக்கம் தேவைப்படாது. வான் ஹீல தம்பதி சொன்ன இரண்டாம் நிலையிலிருந்து மூன்றாம் நிலைக்குப் போகும் படி இது. பரப்பு உச்சமாக இருக்கும் இடத்தில் ஏன் வலையைக் கட்டுவதில்லை என்று ஒரு சிறுவன் கேட்டால் இன்னும் நல்லது. மீனுக்கு உடல் ஒடுங்கி உயர்ந்திருக்கிறது, ஆகவே செவுள்வலைக் கண்ணியும் ஒடுங்கி உயர்ந்திருக்க வேண்டும்; இழுத்துக் கட்டிய வலை மீனைச் செவுளில் பிடிக்கும், தளர்த்திக் கட்டினது சுற்றிச் சிக்கவைக்கும். கணிதத்தில் உச்சம் வேறு, தொழிலில் உகந்தது வேறு என்ற பாகுபாட்டைப் பல பட்டதாரிகளே கல்லூரிக்குப் பிறகுதான் கற்கிறார்கள்.

வீச்சுவலை குரோஷா வட்டத்துக்கு நேர் உறவு. உச்சியில் கொஞ்சம் கண்ணிகளோடு தொடங்கி, சுற்றுக்குச் சுற்று இடையிடையே கண்ணி கூட்டிக்கொண்டே இறங்குகிறது. வீசியதும் அது வட்டமாக விரிய வேண்டும். ஓரத்து ஈயம் ஒரே நேரத்தில் தண்ணீரைத் தொட வேண்டும். உச்சியிலிருந்து ஓரம் 3 மீட்டர் என்றால், முழுக்க விரிய ஓரத்தின் சுற்றளவு கிட்டத்தட்ட 19 மீட்டர் வேண்டும். கூட்டுவதில் கஞ்சத்தனம் பண்ணி 12 மீட்டரில் நிறுத்தினால், எவ்வளவு பலமாக வீசினாலும் ஆரம் 2 மீட்டரைத் தொடாது. தண்ணீரில் மூடுகிற பரப்பு 28 சதுர மீட்டரிலிருந்து 12-க்கும் கீழே போய்விடும். ஆரம் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைந்ததற்கே பரப்பு பாதிக்கும் கீழே இறங்கிவிடுகிறது. ஆரத்தின் வர்க்கம் என்பது சூத்திரத்தில் தலைக்குமேல் எழுதும் சின்ன இரண்டு அல்ல, பிடியில் விழும் மீன் என்பதை இங்கே காணலாம்.

இவ்வளவு கணக்கு வலையில் இருக்கிறதென்றால் மீனவர் வீட்டுப் பிள்ளைகள் எல்லோரும் வடிவியலில் முதல் மதிப்பெண் வாங்க வேண்டுமே, ஏன் வாங்கவில்லை? இதுதான் முதல் ஆட்சேபணை. என் பார்வையில் எல்லாவற்றிலும் வலுவானதும் இதுதான். பிரேசிலின் ரெசிஃபி நகரில் சந்தையில் வியாபாரம் செய்யும் ஐந்து சிறுவர்களைக் கரஹர், கரஹர், ஷ்லீமன் என்ற மூன்று ஆய்வாளர்கள் சோதித்து 1985-இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். கடையில் தேங்காய் விற்கும்போது கேட்ட கணக்குகளில் அந்தச் சிறுவர்கள் 98 விழுக்காடு சரியாகச் சொன்னார்கள். அதே கணக்கை எண்ணும் குறியுமாகத் தாளில் கொடுத்தபோது 37 விழுக்காடுதான் சரி. ஐந்து பேர்தானே என்று ஒதுக்கலாம். ஆனால் 2025-இல் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூஃப்லோ முதலியோர் கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் நடத்திய பெரிய ஆய்வை 'நேச்சர்' இதழ் வெளியிட்டது. சந்தைப் பிள்ளைகள் சந்தைக் கணக்கில் கெட்டிக்காரர்கள். பள்ளிக் கணக்கில் தடுமாறினார்கள். பள்ளிக்கு மட்டும் போகும் பிள்ளைகளோ தாளில் சுமாராகச் செய்தார்கள். சந்தைக் கணக்கில் திணறினார்கள். இரண்டு பக்கமும் சுவர்தான். கையிலிருக்கும் அறிவு தானாகத் தாளுக்கு நடந்து வராது.

இந்தச் சான்றை என் வாதத்துக்கு எதிரானதாக நான் கருதவில்லை. ஆனால் அது என் வாதத்தின் எல்லையைக் கறாராகக் குறிக்கிறது. வகுப்பில் நாற்பது நிமிடம் குரோஷா போட்டுவிட்டு மணி அடித்ததும் எழுந்து போனால் அது கைவேலைப் பாடம்தான், கணிதம் ஆகாது. துண்டு முடிந்த பிறகு ஆரத்தை ஸ்கேலால் அளக்க வேண்டும். ஓரத்தில் நூலைச் சுற்றிச் சுற்றளவை எடுக்க வேண்டும். சுற்று எண், கண்ணி எண்ணிக்கை, ஆரம், சுற்றளவு என்று நான்கு கட்டம் போட்டு அட்டவணை எழுத வேண்டும். பத்தாவது சுற்றில் எத்தனை கண்ணி வரும் என்று போடுவதற்கு முன்பே சொல்ல வைக்க வேண்டும். பிறகு போட்டுச் சரிபார்க்க வேண்டும். கடைசியில் எந்தச் சுற்றுக்கும் பொருந்தும் ஒரு வரியை, அது '6 பெருக்கல் சுற்று எண்' என்பதாக இருக்கலாம், பிள்ளையே எழுத வேண்டும். ஊசியிலிருந்து அட்டவணைக்கும் அட்டவணையிலிருந்து சூத்திரத்துக்கும் திரும்ப ஊசிக்கும் போய்வருகிற இந்த நடை சந்தைச் சிறுவனுக்குக் கிடைக்கவில்லை. வலை கட்டும் வீட்டுப் பிள்ளைக்கும் கிடைக்கவில்லை. அதைக் கொடுக்கக்கூடிய இடம் பள்ளி ஒன்றுதான்.

இரண்டாவது ஆட்சேபணை தமிழ்நாட்டுக்கே உரியது. நான் இங்கே வலை என்ற சொல்லை எடுத்ததும் உங்களில் சிலருக்கு அது மனதில் வந்திருக்கும்: இது குலக்கல்வி ஆகாதா? 1953-இல் முதலமைச்சராக இருந்த ராஜாஜி, கிராமத் தொடக்கப் பள்ளிகளில் பாட நேரத்தை மூன்று மணி நேரமாகக் குறைத்து, மிச்ச நேரத்தில் பிள்ளைகள் தகப்பன் தொழிலைப் பழகட்டும் என்றார். பெரியாரும் திராவிட முன்னேற்றக் கழகமும் காங்கிரஸுக்குள்ளேயே பலரும் எதிர்த்தார்கள். 1954-இல் அவர் பதவி விலகினார். காமராசர் வந்து திட்டத்தைக் கைவிட்டார். அந்த எதிர்ப்பு சரியானது என்பதில் எனக்கு ஐயமில்லை. படகோட்டி மகன் படகோட்டட்டும் என்று பள்ளியே சொல்லிவிட்டால் அப்புறம் பள்ளி எதற்கு? 1937-இல் வார்தாவில் காந்தி முன்வைத்த ஆதாரக் கல்வியிலும் தக்ளி நூற்பு பாடத்துக்கு நடுவில் இருந்தது. அதன் நோக்கம் வேறு என்றாலும், பிள்ளைகள் நூற்ற நூலை விற்றுப் பள்ளிச் செலவை ஈடுகட்டலாம் என்ற பேச்சு அதிலும் இருந்தது. எனவே இந்தச் சந்தேகத்தை முன்முடிவு என்று தள்ளிவிடக் கூடாது. ஆனால் நான் சொல்வதில் பாட நேரம் ஒரு நிமிடமும் குறையவில்லை. வலை கட்டக் கற்றுக்கொடுப்பது நோக்கமே இல்லை. ஏற்கனவே கட்டிய வலை ஒன்று, திருக்குறளைப் போல, பூகோளப் படத்தைப் போல, வகுப்பில் ஆராய்கிற ஒரு பொருளாகிறது. அதை மீனவர் பிள்ளைகள் மட்டும் ஆராயக் கூடாது. மீஞ்சூர் டவுனில் ரயில்வே ஊழியர் பிள்ளையும் பொன்னேரியில் கடைக்காரர் பிள்ளையும் அதே கண்ணியை இழுத்துப் பார்த்து அதே பரப்பைக் கணக்கிட வேண்டும். குப்பத்துப் பள்ளிக்கு வலை, டவுன் பள்ளிக்கு ஜியோமெட்ரி பாக்ஸ் என்று பிரித்தால் 1953-க்குத்தான் திரும்பிப் போவோம். அப்படிப் பிரித்தால் எதிர்ப்பவர்களோடு நானும் நிற்பேன்.

குரோஷா இங்கே இன்னொரு காரணத்துக்காகவும் உதவுகிறது. இந்தக் கடற்கரையில் அது எந்தச் சாதியின் தொழிலும் அல்ல. வலை ஆண்கள் கையில் இருக்கிறது. பழவேற்காட்டின் பனையோலைப் பின்னல் பெரும்பாலும் முஸ்லிம் பெண்கள் கையில் இருக்கிறது. கோலம் வாசல் தெளிக்கும் பெண்கள் கையில் இருக்கிறது. அந்தக் கோலத்துக்குள் முறையான இலக்கணம் இருக்கிறது என்பதைத் தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, அவர்களோடு கமலா கிருத்திவாசன் ஆகியோர் 1974-இலேயே கணினி அறிவியல் கட்டுரையாக எழுதிவிட்டார்கள். அது உலகம் முழுக்க மேற்கோள் காட்டப்படுகிறது, நம் பள்ளிகளுக்குத்தான் போதிய அளவு வந்து சேரவில்லை. இந்த மூன்றுக்கும் சொந்தக்காரர்கள் உண்டு. குரோஷா ஊசி எல்லாருக்கும் புதிது. பையனும் பெண்ணும் ஒரே நாளில் ஒன்றும் தெரியாமல் தொடங்குகிறார்கள். பெண் வேலை என்று பையன்கள் கூச்சப்படுவார்களே என்றால், வேறு ஊர்களில் அப்படி நடக்கலாம். அப்பா திண்ணையில் உட்கார்ந்து கிழிந்த வலைக்கு ஊசி போடுவதைப் பார்த்த பையன் நூலைக் கண்டு கூச்சப்பட மாட்டான்.

நூல் வேலை பள்ளிக்குள் நுழைந்தால் பின்னாலேயே வியாபாரம் நுழையும் என்ற அச்சத்துக்கு வரலாறு ஆதாரம் தருகிறது. நாகர்கோவிலில் 1820-களில் லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் பெண்பிள்ளைகளுக்கு லேஸ் கற்றுக்கொடுத்தார். அடிமை நிலையிலிருந்த குடும்பங்களின் பெண்களுக்கு அந்த வருமானம் விடுதலைக்கே உதவியது. அதைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆந்திராவின் நரசாப்பூரில் கதை வேறு மாதிரி போனது. அங்கே வீட்டுக்குள் உட்கார்ந்து ஏற்றுமதிக்குக் குரோஷா லேஸ் போட்ட பல்லாயிரம் பெண்களைப் பற்றி மரியா மீஸ் 1982-இல் ஒரு நூல் எழுதினார். அந்தப் பெண்களை யாரும் தொழிலாளி என்றே எண்ணவில்லை. இல்லத்தரசி பொழுதுபோக்காகப் போடுகிறாள் என்ற பெயரில் கூலி அடிமட்டத்தில் இருந்தது. ஆயிரக்கணக்கில் கண்ணி எண்ணிய அந்தக் கைகளுக்குக் கணக்குக்கு என்று ஒரு மதிப்பும் கிடைக்கவில்லை. ஆகவே பள்ளியில் போடும் துண்டு கண்காட்சிக்கும் விற்பனைக்கும் போகக் கூடாது என்பது என் கருத்து. அழகாக வந்ததா என்று பார்க்கவும் கூடாது. கொண்டைப்பூவாகச் சுருண்டுபோன துண்டு, விதியைச் சரியாக எழுதியிருந்தால், அழகான வட்டத்தைவிடக் கூடுதல் மதிப்பெண் பெறலாம்.

வலையே இப்போது மெஷினில் வருகிறதே, நைலான் வலை கடையில் கிடைக்கும்போது யார் கையால் கட்டுகிறார்கள் என்று பெற்றோர் கேட்கலாம். உண்மைதான். நாகர்கோவில் பக்கத்து ஆலைகளிலிருந்து வலை கட்டுக்கட்டாக வருகிறது. ஆனால் அதைக் கயிற்றில் எவ்வளவு குறைத்துக் கட்டுவது, எத்தனை மிதவை, எத்தனை ஈயம் என்பது இன்னும் கரையில்தான் முடிவாகிறது. கிழிந்த கண்ணியை இன்னும் கைதான் தைக்கிறது. நான் பேசிய சாய்சதுரக் கணக்கு முழுவதும் இந்தக் கட்டுகிற வேலையில்தான் இருக்கிறது. கண்ணியைக் கூட்டியும் குறைத்தும் வடிவம் உண்டாக்கும் அறிவுதான் மெஷினுக்குப் போய்விட்டது. அதற்குத்தான் குரோஷா. பின்னலாடையை மெஷின் செய்யும், லேஸைச் செய்யும். உண்மையான குரோஷாவைச் செய்யும் மெஷின் இன்னும் சந்தைக்கு வரவில்லை.

நேரம், தேர்வு பற்றிய கேள்விகள்தான் மிச்சம். தமிழ்நாட்டில் செயல்வழிக் கற்றல் 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி மாநிலம் முழுக்கப் பரவியது. நம் திருவள்ளூர் மாவட்டத்து அழிஞ்சிவாக்கத்தில்தான் 2022 ஜூனில் எண்ணும் எழுத்தும் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. தொடக்க வகுப்புகளில் செய்து கற்பதில் நமக்குப் பழக்கம் வந்துவிட்டது. ஆறாம் வகுப்பிலிருந்து அது அறுந்துபோகிறது. நான் கேட்பது அந்த வகுப்புகளில் ஒரு பருவத்துக்குச் சில பாடவேளைகள் மட்டும். ஊசியும் பருத்தி நூலும் பெரிய செலவு இல்லை. கிழிந்த வலைத்துண்டுக்குக் காசே இல்லை. ஆசிரியருக்குக் குரோஷா தெரியாதே என்றால், சிங்கிள் போடக் கற்க ஒரு மாலை போதும். நாற்பது பிள்ளைகளின் அட்டவணைகளை ஒப்பிட்டுக் கேள்வி கேட்கக் கற்பதற்குத்தான் பயிற்சி தேவை. தேர்வில் இது எப்படி வரும்? 'பக்கம் 5 செ.மீ. உள்ள வலைக்கண்ணியின் அகலம் 6 செ.மீ. எனில் உயரமும் பரப்பும் காண்க' என்று வரலாம். சாய்சதுரத்தின் மூலைவிட்டக் கணக்கு இப்போதும் அப்படித்தான் வருகிறது, வலைதான் இல்லை.

ஒரு இடத்தில் மட்டும் நூல் கைவிட்டுவிடும். கண்ணி செங்கோணமாகும்போது பரப்பு உச்சம் என்பதை இழுத்து அளந்து காணலாம். எல்லாக் கண்ணிக்கும் எப்போதும் அப்படித்தான் என்று நிறுவ முடியாது. பத்துத் துண்டுகள் தட்டையாக வந்ததால் பதினோராவதும் வரும் என்பது நிறுவல் ஆகாது. அந்த வேலை எட்டாம், ஒன்பதாம் வகுப்புக்கு உரியது. அங்கே போனதும் ஊசியைப் பெட்டியில் வைத்துவிட்டுப் பென்சிலை எடுக்க வேண்டியதுதான். எதை நிறுவப்போகிறோம் என்று தெரிந்த பிள்ளையாக அது அங்கே போகும்.